எண்ணத் தெரியாதது பொறியா, தமிழரா?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் இருவகை வினாக்களைத் தொடுக்கின்றனர். ஒரு பட்டியலை நோக்கி, அதன்கண் உள்ள உறுப்புகள் எத்தனை எனக் கேட்பது ஒன்று. அவ்வுறுப்புகளுள் ஒன்றை எடுத்து, அதன் இயல்பு யாதெனக் கேட்பது மற்றொன்று. முன்னது முழுமையின் பண்பு. பின்னது உறுப்பின் பண்பு. இவ்வேறுபாட்டைத் தமிழர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. முதல் வேறு, சினை வேறு எனப் பிரித்து, அவை ஏற்கும் வேற்றுமையையும் வரையறுத்தது தொல்காப்பியம்.

சொல்லும் ஒரு பட்டியலே. அதன் உறுப்பு எழுத்து. ‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் எழுத்து மூன்று என்பதைத் தொடக்கப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால், உலகெங்கும் வழங்கும் பைத்தான் நிரல்மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால், வரும் விடை ஐந்து! த, ம, இகரக் கொக்கி, ழ, தனிப்புள்ளி என ஐந்து உறுப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இரண்டாம் உறுப்பைக் கேட்டால் ‘மி’ வாராது, ‘ம’ வரும். இறுதி உறுப்பைக் கேட்டால் ‘ழ்’ வாராது; தாங்க எழுத்தில்லாத வெறும் புள்ளி வரும். ‘மாறுமா’ என்பது முன்பின்னாகப் படிப்பினும் மாறாத சொல். பட்டியலைத் திருப்பிப் பார்த்துப் பொறி அதனையும் இல்லையென்கிறது!

இதன் கரணியம் என்ன? இந்திய மொழிகளுக்கென 1988-இல் வகுக்கப்பெற்ற பொதுக் குறிமுறையைத் தழுவியே 1991-இல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கினர். தேவநாகரிக்குப் பொருந்திய சட்டகத்தில் தமிழைத் திணித்தனர். ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே, தமிழுக்கு வேண்டாத எழுத்துகளுக்கென விடப்பட்ட மூன்று வெற்றிடங்கள் இன்றும் அதற்குச் சான்றாகக் கிடக்கின்றன. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது தமிழ்நெறி. அங்கோ, அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. அதன் உயிரைப் பறித்தால்தான் மெய் பிறக்கும். உடலும் உயிரும் தலைகீழாயின!

எண்ணிக்கைப் பிழையோடு இக்கேடு நிற்பதில்லை. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி எழுத்துப் பதினாறு. நிரையசையில் தொடங்கின் பதினேழு. இதனைப் பொறி ஆய வேண்டுமாயின், ஒவ்வோர் உறுப்பும் குறிலா, நெடிலா, ஒற்றா எனச் சொல்ல வேண்டும். ‘க’ என்னும் உறுப்பை மட்டும் எடுத்துக் கேட்டால் அது என்ன சொல்லும்? அடுத்து நிற்பது புள்ளியாயின் அது மெய், துணைக்காலாயின் நெடில், வேறோர் எழுத்தாயின் குறில். தன் பண்பைத் தானே அறியாத ஒன்றை எழுத்தென்று எங்ஙனம் கொள்வது? யாப்பும் அகரமுதலியும் பிழைதிருத்தியும் இவ்வடித்தளத்தின் மீதே எழுப்பப்படுதல் வேண்டும்.

பொறியால் இயலாது என்பார் ஒருசாரார். அது பொய். குறிகளைக் கூட்டி எழுத்தாகக் கொள்ளும் நெறி ஒருங்குறியிலேயே உண்டு. ‘சுவிப்ட்டு’ என்னும் நிரல்மொழி அந்நெறியைப் பின்பற்றுதலின், ‘தமிழ்’ என்பதற்கு மூன்று என்றே விடை தருகிறது. அயலார் ஆக்கிய மொழி ஒன்று தமிழெழுத்தைச் சரியாக எண்ணுகையில், தமிழ் மென்பொருள் செய்யும் தமிழர் ஐந்தென்னும் விடையை ஏற்று வாளாவிருப்பது நாணத்தக்கது.

ஓரெழுத்துக்கு ஓரிடம் தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு தரமாக ஏற்றது. எனினும் உலகப் பொறிகள் ஒருங்குறியிலேயே இயங்குதலின், அது வழக்கில் வேரூன்றவில்லை. அதனைச் சொல்லிச் சொல்லி ஏங்குவதாற் பயனில்லை. தமிழுக்கெனச் செய்யும் ஒவ்வொரு நிரலும் சொல்லை முதலில் எழுத்துகளாகப் பகுத்த பின்னரே எண்ணவும் எடுக்கவும் திருப்பவும் வேண்டும். ஒவ்வோர் எழுத்தோடும் அதன் இனம், மாத்திரை, வகை ஆகிய பண்புகளைச் சேர்த்து வைத்தல் வேண்டும். நிரல் கற்பிக்கும் தமிழாசிரியர் இதனையே முதற்பாடமாக்குதல் வேண்டும்.

குறிமுறை வகுத்தவர் எழுத்தைச் சிதைத்தனர் என்பது மெய்யே. சிதைந்ததைக் கூட்டும் வழி கையிலிருந்தும் கூட்டாதிருப்பது தமிழர் குற்றமே. ‘மாறுமா’ எனப் பிறரைக் கேட்டுக்கொண்டிராமல், தமிழரே மாற்றுக!