பள்ளிக்கூடத்தில் காக்கிச் சட்டை



நம்மில் அநேகர் மூணாறு, தேவிகுளம், பீருமேடு தோட்டங்களின் லயங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்து, பிழைப்பைத் தேடி நகரம் வந்தவர்கள். போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தி வளர்ந்த தலைமுறை நம்முடையது. அழுகிற பிள்ளையை அடக்க, "போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்" என்று சொல்லாத தாய் நம்மில் யார்?

இன்று ஊரிலுள்ள உங்கள் அண்ணன் மகளோ தங்கை மகனோ காக்கிச் சீருடை அணிந்து பள்ளி மைதானத்தில் அணிவகுத்து நிற்கக்கூடும். கேரளத்தில் 2010 ஆகஸ்ட் 2 அன்று, 127 பள்ளிகளில் 11,176 மாணவருடன், மாணவர் காவல் படைத் திட்டம் தொடங்கப்பட்டது. இதற்கு உருவம் கொடுத்தவர் காவல் அதிகாரி பி. விஜயன். உள்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து நடத்துகின்றன. பள்ளி ஆசிரியர் இருவர் பொறுப்பேற்க, உள்ளூர் நிலையத்துக் காவலர்கள் வந்து பயிற்சி அளிக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. அணிவகுப்பு, சட்டப் பாடம், சாலை ஒழுங்கு, முகாம்கள் எல்லாம் உண்டு. 2018-இல் மத்திய அரசும் இத்திட்டத்தைத் தேச அளவில் எடுத்துக்கொண்டது.

நல்ல காரியமே. ஆனாலும் ஒன்று என் மனதை உறுத்துகிறது. ஓர் அணிக்கு 44 பிள்ளைகள். அவர்களும் எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் தேறியவர்கள். தகப்பன் குடித்துவிட்டு அடிக்க, புத்தகமின்றிக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கல்லவா காவலரின் சிநேகம் முதலாவது தேவை? அவன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான்.

அமெரிக்காவில் 1950-களிலேயே மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் பள்ளிக்குக் காவலரை அனுப்பினார்கள். அங்கே காலப்போக்கில் துப்பாக்கி ஏந்திய காவலர் பள்ளிக்குள்ளேயே பணியாற்றலானார். வகுப்பறைக் குறும்பும் வழக்காக மாறுகிறதென்ற முறையீடு எழுந்தது. 2020 ஜூனில் மினியாபொலிஸ் பள்ளி வாரியம் காவல்துறையோடு செய்திருந்த ஒப்பந்தத்தையே முறித்தது. கேரளக் காவலரோ பயிற்சி தந்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறார். இந்த வேறுபாடு நிலைத்திருக்க வேண்டும்.

நம் தேசத்துச் சட்டமே இதில் எவ்வளவு கவனமாயிருக்கிறது பாருங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் வாக்குமூலம் பெறும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்புகிற இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். இரவில் எந்தப் பிள்ளையையும் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது.

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு நம்மையும் தொடுகிறது. இப்படிப்பட்ட குற்றம் நடந்ததென்று அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. போதகருக்கும் மூப்பருக்கும் இதில் விலக்கில்லை. "குடும்ப மானம் போகும், சபைக்குள்ளே பேசி முடித்துக்கொள்வோம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது நானாகவே இருந்தாலும், நீங்கள் கேட்க வேண்டாம். காவல் நிலையம் செல்லத் தயக்கமானால், 1098 என்ற எண்ணை இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.