தூம்பா இரண்டு, ஆத்துமா ஒன்றா?

எங்கள் ஊர்க் கோயிலில் தூம்பா இரண்டு. சவப்பெட்டியை வைத்து இழுத்துப்போகிற வண்டியைத்தான் சொல்கிறேன். ஊர்த்தெருவுக்கு ஒன்று, பெயின்ட் அடித்து, சிலுவை வைத்து, கோயில் வாசலுக்கருகே நிற்கும். சேரிக்கு ஒன்று, சக்கரம் கோணிப் பின்பக்கக் கொட்டகையில் கிடக்கும். கல்லறையும் இரண்டு. சாமி மட்டும் ஒண்ணாம்.

எங்க ஆயா சாகிறதுக்கு மூணு நாள் முன்னாடி சொன்னாள்: "அந்த வண்டியில மட்டும் என்ன ஏத்தாதீங்கடா." ஆயுசு முழுக்கச் செபமாலையைக் கீழே வைக்காதவள். அவள் செத்த அன்றைக்கு ஊர்த்தூம்பாவைக் கேட்டுச் சாமியாரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "தம்பி, ஆத்துமாவுக்குச் சாதி ஏது? அது இந்நேரம் விடுதலையாயிருக்கும். உடம்பு எந்த வண்டியில போனா என்ன?"

"எந்த வண்டியா இருந்தாலும் ஒண்ணுதான்னா, அந்த வண்டியிலயே போகட்டுமே சாமி?"

பதில் வரவில்லை. ஆயாவைத் தோளிலேயே தூக்கிப்போய்ச் சேரிக் கல்லறையில் புதைத்தோம்.

அந்தச் சாமியார் சொன்னது அவர் கண்டுபிடித்ததல்ல. விடுதலையை ஆத்துமாவுக்குக் கொடு, உடம்பை ஆண்டையிடம் விட்டுவிடு என்கிற இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1520இல் மார்ட்டின் லூதர் கிறித்தவனின் சுதந்திரம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். போப்பின் அதிகாரத்தை அசைத்த எழுத்து. 1525இல் ஜெர்மனியின் விவசாயக் குடிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை அச்சிட்டு முன்வைத்தார்கள். மூன்றாவது கோரிக்கை எளிமையானது: கிறிஸ்து தன் ரத்தத்தால் மேய்ப்பனையும் பிரபுவையும் ஒன்றுபோல மீட்டிருக்கும்போது எங்களை மட்டும் ஏன் உடைமையாக வைத்திருக்கிறீர்கள்? லூதர் என்ன சொன்னார்? இது கிறித்தவ சுதந்திரத்தை உடம்பின் சுதந்திரமாக்கிவிடுகிறது, அடிமையாக இருந்துகொண்டே ஒருவன் கிறித்தவ சுதந்திரத்தோடு இருக்கலாம் என்றார். கலகம் மூண்டபோது விவசாயிகளை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதினார். பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள்.

இந்த மண்ணுக்குச் சுவிசேஷம் வந்தபோது அதே ஏற்பாடும் கூடவே வந்தது. தரங்கம்பாடிக் கோயிலில் சாதிக்கொரு பக்கம் உட்காரவைத்தார்கள். வடக்கன்குளத்தில் கோயிலையே சாதிச்சுவர் பிரித்தது. 1910இல்தான் அது இடிபட்டது. எறையூரில் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை.

அரசாங்கம் மட்டும் சளைத்ததா? பட்டியல் சாதியார் இந்துக்களாகத்தான் இருக்கவேண்டும் என்றது 1950ஆம் ஆண்டு ஆணை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தது. கிறித்தவத் தலித்தைச் சேர்க்கவில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லையாம்! ஆத்துமாவுக்குச் சாதியில்லை என்ற சாமியாரும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார்.

தோழர்கள் சிலர் சொல்வார்கள்: "இதுக்குத்தான் சொல்றோம், மதத்தையே தூக்கிப் போட்டுட்டு வாங்க." அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லும் தெம்பு ஆயாவுக்கு எங்கிருந்து வந்தது? கட்சி வகுப்பிலிருந்து வரவில்லை. கடவுளுக்கு முன்னால் நான் யாருக்கும் குறைந்தவளில்லை என்று அவள் நம்பியதிலிருந்து வந்தது. அவளுடைய ஆன்மிகமும் விடுதலையும் வேறுவேறாக இருந்ததில்லை. பிரித்தவர்கள் வேதம் படித்தவர்கள்.

அந்த வேதத்திலேயே ஒரு சண்டை இருக்கிறது. அந்தியோக்கியாவில் இராயப்பர் யூதரல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யெருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு எழுந்துகொண்டார். சின்னப்பர் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராக அவரைக் கண்டித்தார். சின்னப்பர் ஒன்றும் முழுப் புரட்சிக்காரர் அல்ல. ஒநேசிமு என்ற அடிமையை எஜமானிடமே திருப்பி அனுப்பியவர்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் "ஆத்துமாவுக்குப் பந்தி எதற்கு" என்று சமாதானம் பேசவில்லை. தனிப்பந்தி போட்டால் சுவிசேஷமே பொய் என்றார். கிறிஸ்து தந்த விடுதலையை விட்டு மறுபடி நுகத்தடிக்குள் போகாதீர்கள் என்று அவர் கலாத்தியருக்கு எழுதியது இந்தச் சண்டையைச் சொன்ன அதே நிருபத்தில்தான். விடுதலை என்ற சொல் பந்தியில் பிறந்தது. அதை எடுத்துப்போய்த் தியான மடத்துக்குள் பூட்டியது யார்?

உங்களைத்தான் கேட்கிறேன், ஆயர்களே, சாமிமார்களே, போதகர்களே. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் போ, மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு முதலில் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று சொன்னவர் உங்கள் ஆண்டவர்தானே? அப்படியானால் தூம்பா இரண்டு இருக்கிற பங்கில் பூசையை நிறுத்துங்கள். கல்லறைக்குக் குறுக்கே சுவர் நிற்கிற ஊரில் திருவிழாக் கொடியேற்றாதீர்கள். சேரிக்குள் வராத தேருக்கு வடம் தொட்டுக் கொடுக்காதீர்கள். ஊர்த்தெரு கோபித்துக்கொள்ளும், காணிக்கை குறையும். குறையட்டும்.

அதைச் செய்யாமல் ஆத்தும விடுதலை பற்றி எங்களுக்குப் பிரசங்கம் வைக்காதீர்கள். ஆயாவைத் தூக்கிய தோள் இது. அவள் உடம்பின் கனம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்.