பரண் பக்கம்: மாமனாரின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி

இந்த வாரம் பரணிலிருந்து இறங்குவது கிராமபோனும் இல்லை, வால்வு ரேடியோவும் இல்லை. கைத்துப்பாக்கி!

அமெரிக்காவின் மினசோட்டாவில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் அந்த ஊர்க்காரர். மாமனார் காலமான பிறகு வீட்டின் நிலவறையை ஒழித்தபோது, தோல் உறைக்குள் நீளக் குழலோடு ஒரு கைத்துப்பாக்கி கிடைத்ததாம். இருபது வருஷமாக யாரும் தொடவில்லை. ‘நவம்பர் மான் வேட்டைக்கு அப்பாவின் துப்பாக்கியைத்தான் எடுத்துப்போவேன் என்கிறார் கணவர். எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இது மறுபடி வேலை செய்யுமா? செய்யவைக்கலாமா?’ என்று கேட்கிறார். கூடவே படமும் வந்தது. இரும்பின் பக்கவாட்டில் ஒரு மலைச்சிங்கம் செதுக்கியிருக்கிறது. அதைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தாம்சன் சென்டர் கம்பெனியின் ‘கன்டெண்டர்’.

இதில் ‘சென்டர்’ என்பது மையம் இல்லை, ஒரு மனிதரின் குடும்பப் பெயர். வாரன் சென்டர் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர், 1965-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ராச்செஸ்டர் ஊரிலிருந்த தாம்சன் என்பவரின் பட்டறையோடு கைகோத்தார். 1967-ல் கன்டெண்டர் கடைக்கு வந்தது. ரிவால்வரில் ஆறு தோட்டா இருக்கும் காலத்தில், ஒரே ஒரு தோட்டா போடும் துப்பாக்கியை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். வேட்டைக்காரர்கள் வாங்கினார்கள். ஒரே தோட்டா என்றால் மானுக்கு இன்னும் கிட்டே போக வேண்டும், காத்திருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் சுடாமல் திரும்ப வேண்டும். அந்தக் கஷ்டம்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. முன்கட்டையைக் கழற்றி, கீலில் இருக்கும் ஒரே ஒரு ஊசியைத் தள்ளினால் குழல் தனியாக வந்துவிடும். வேறு அளவுத் தோட்டாவுக்கான குழலை மாட்டிக்கொள்ளலாம். அணிலுக்கு ஒரு குழல், மானுக்கு ஒரு குழல், பிடி மட்டும் அதேதான். நம் வீட்டு மிக்ஸியில் ஜாரை மாற்றுகிற மாதிரி. இந்த வசதிதான் பின்னால் ஆபத்தாகவும் வந்து நிற்கும். அதற்கு வருகிறேன்.

முதலில், உள்ளே தோட்டா இருக்கிறதா? இருபது வருஷம் தூங்கினாலும், வேறு விதமாகத் தெரியும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல், விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் வாலைப் பின்னால் இழுத்தால் குழல் மடங்கித் திறக்கும். பழைய கன்டெண்டர்கள் திறப்பதில் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். முழங்காலில் வைத்து அழுத்துவது, சுத்தியால் தட்டுவது எல்லாம் வேண்டாம். திறக்கவில்லையா? அப்படியே வைத்துவிட்டு, துப்பாக்கி ரிப்பேர்காரருக்கு, அங்கே ‘கன்ஸ்மித்’ என்பார்கள், போன் போட்டு என்ன செய்வதென்று கேளுங்கள். காரில் போட்டு எடுத்துப்போவது அப்புறம்.

அடுத்து அந்த அழகான தோல் உறை. துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து எல்லோரும் செய்வது இதுதான், துருவுக்கு நாமே விருந்து வைக்கிற வேலையும் இதுதான். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பதனிட்ட உப்பும் ரசாயனமும் அதில் மிச்சம் இருக்கும். நிலவறை ஈரம் வேறு. உறைக்குள் இரும்பு எங்கெல்லாம் தோலைத் தொட்டதோ, அங்கெல்லாம் துரு புள்ளிபுள்ளியாக உட்கார்ந்திருக்கும். மேலோட்டமான துருவை எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக நைசான ஸ்டீல் கம்பளியால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். எமரி பேப்பர் எடுத்துவிடாதீர்கள். இரும்பின் மேல் இருக்கும் கருநீலப் பூச்சு துருவோடு சேர்ந்து போய்விடும். வால்நட் மரப்பிடியில் மாமனாரின் கை பட்டு வழவழத்த இடம் இருக்குமே, அதை பாலிஷ் போட்டுப் புதுசாக்க வேண்டாம் என்பது என் கட்சி.

வெளியே தெரிகிற துருவைவிட, உள்ளே தெரியாத எண்ணெய்தான் அதிகம் படுத்தும். பல வருஷம் முன்பு தாராளமாக விட்ட எண்ணெய் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அறையின் கதகதப்பில் சுத்தியல் சரியாக விழுவதுபோல இருக்கும். மினசோட்டாவின் நவம்பர் குளிரில் அதே பிசுக்கு இறுகி, சுத்தியல் சோம்பலாக விழும். தோட்டா வெடிக்காது. பழைய பிசுக்கைக் கரைப்பானால் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு புது எண்ணெய். அவ்வளவு போதும். உள்பாகங்களைப் பிரித்துப் போடுவது வீட்டு வேலை இல்லை, ரிப்பேர்காரர் வேலை.

கெட்டுப்போய்விட்டது என்று பலர் தப்பாக நினைக்கும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய கன்டெண்டரில், இழுத்த சுத்தியலைச் சுடாமல் இறக்கிவிட்டால், குழலை ஒருமுறை திறந்து மூடினால்தான் மறுபடி இழுக்க முடியும். அது அதன் சுபாவம். இன்னொன்று, சின்ன .22 தோட்டாவுக்கு அடி விளிம்பில் விழ வேண்டும், பெரிய தோட்டாக்களுக்கு நடுவில். எதில் அடிப்பது என்பதைச் சுத்தியலில் உள்ள ஒரு திருப்பியால் மாற்றுவார்கள். ஆரம்ப கால மாடல்களில் இதற்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டும். மாமனார் கடைசியாக .22 குழல் மாட்டியிருந்து, இப்போது வேறு குழல் மாட்டினால், வெறும் ‘டிக்’ சத்தம்தான் கேட்கும்.

குழலைப் பிடியிலிருந்து கழற்றியதும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்திக்கூடு, கெட்டியான கிரீஸ், முன்பு யாரோ விட்ட துணித்துண்டு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும். கையில் பிடித்திருப்பவரின் கையோடு. பித்தளைக் கம்பித் தூரிகையும் கரைப்பானும் போட்டு, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். துணி நீலப்பச்சையாக வந்தால் பயப்பட வேண்டாம், அது தோட்டாக்கள் விட்டுப்போன தாமிரம்.

இப்போது நான் மேலே சொன்ன ஆபத்து. எந்தத் தோட்டா போட வேண்டும் என்பது குழலின் மேலேயே பொறித்திருக்கும். ஆனால் கன்டெண்டர்காரர்கள் ஒரு தனி இனம். கடையில் கிடைக்காத அளவுகளில் தாங்களே தோட்டா செய்துகொள்ளும் பைத்தியம் அவர்களிடம் உண்டு. அதற்காகக் குழலின் அறையைக் கடைந்து மாற்றியும் இருப்பார்கள். பொறித்த எண் ஒன்று, உள்ளே அளவு வேறு. சந்தேகம் இருந்தால் ரிப்பேர்காரர் ‘செரோசேஃப்’ என்ற உலோகக் கலவையை உருக்கி அறைக்குள் ஊற்றுவார். கொதிக்கும் தண்ணீரைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகம் அது. முதலில் கொஞ்சம் சுருங்கும். அதனால் எளிதாக வெளியே வரும். பிறகு மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மையான அளவுக்கு வந்து நிற்கும். அதை அளந்தால் சந்தேகம் தீர்ந்தது.

வாசகி அனுப்பிய இன்னொரு படத்தில், மாமனாரின் கையெழுத்தோடு ஒரு தோட்டா டப்பா. வீட்டிலேயே மருந்து நிரப்பியவை. அம்மா! அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் சுடவேண்டாம். எவ்வளவு மருந்து, என்ன மருந்து என்பது நிரப்பியவருக்குத்தான் தெரியும், அவர் இப்போது இல்லை. டப்பாவின் கையெழுத்தை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாக்களை உள்ளூர் போலீஸிடமோ சுடும் பயிற்சி மைதானத்திலோ கேட்டு ஒப்படையுங்கள்.

பெட்டியில் தோளில் வைக்கும் கட்டையும் நீளக் குழலும் இருந்தால் இன்னொரு சிக்கல். இதற்காக ஒரு வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போனது. கன்டெண்டரோடு 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் சேர்த்து கம்பெனி ஒரு செட்டாகத் தயாரித்தது. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு தோள்கட்டை மாட்டிய ரைபிள், 1934-ம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் பதிவுசெய்ய வேண்டியது. செட்டாக இருப்பதே குற்றமா என்று கம்பெனி 200 டாலர் வரியைக் கட்டிவிட்டு, திரும்பக் கேட்டு வழக்குப் போட்டது. 1992-ல் கம்பெனி ஜெயித்தது. செட்டை வைத்திருக்கலாம். ஆனால் பதிவுசெய்யாமல் குட்டைக் குழலையும் தோள்கட்டையையும் ஒன்றாக மாட்டினால் சிறைத் தண்டனை வரை போகும். எப்படி இருக்கிறது பாருங்கள் என்று விளையாட்டாகக்கூட மாட்ட வேண்டாம்.

அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி. நம் ஊர் விஷயமே வேறு. இங்கே 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. தாத்தாவின் துப்பாக்கி பரணில் கிடைத்தால், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருக்காமல் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி ஒப்படைப்பதுதான் வழி.

ஆக, வாசகிக்குப் பதில்: வேலை செய்யும், பெரும்பாலும் நன்றாகவே. உங்கள் பயமும் நியாயமானது, கணவருக்கு அது உதவும். ரிப்பேர்காரர் பார்த்த பிறகு, கடையில் வாங்கிய புதுத் தோட்டாவோடு மைதானத்தில் காகித இலக்கில் ஆரம்பிக்கட்டும். ஸ்கோப் இருந்தால் அதன் திருகுகள் தளர்ந்திருக்கும், கண்ணாடிக்குள் பனி படிந்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். குறி ஒழுங்காக வரும்வரை காட்டுக்குப் போக வேண்டாம். இந்த நவம்பருக்குள் முடியவில்லை என்றால் அடுத்த நவம்பர். அதுவரை துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில். அந்தத் தோல் உறையைச் சுவரில் மாட்டுங்கள், அழகாக இருக்கும்.