முள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் அடுப்பின் திருகைப் பார்ப்பதில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு வந்தால் இறக்குவார், கரைந்தால் இன்னும் காயவிடுவார். எடப்பாடியில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டில் ஓவன் வந்து உட்கார்ந்ததும் இந்தப் பழக்கம் மறந்துபோகிறது. முள்ளை 180-இல் வைக்கிறோம், குறிப்பில் சொன்ன நேரம் முடிந்ததும் திறக்கிறோம். கேக் மேலே கருகி, நடுவில் மாவாகவே இருக்கிறது. உடனே முட்டையின் மேலும் பேக்கிங் பவுடரின் மேலும் சந்தேகம் வருகிறது. முட்டை பக்கத்து நாமக்கல்லில் இருந்து வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் தவறு சூட்டில்தான்.

ஓடிஜி எனப்படும் சிறிய ஓவன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மேலும் கீழும் உள்ள கம்பிகள் பழுக்கக் காயும். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும், ஆறியதும் மறுபடி விடும். ஆக, 180 என்பது நிலையான சூடு அல்ல. அதற்கு மேலும் கீழும் ஊசலாடும் சூட்டின் நடுப்புள்ளி. அந்த நடுப்புள்ளியே சில ஓவன்களில் இருபது, முப்பது டிகிரி தள்ளி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டுச் சர்க்கரையே போதும். வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை அலுமினியத் தாளில் குவித்து, நன்றாகச் சூடேறிய ஓவனின் நடுவில் 175-இல் கால் மணி நேரம் வையுங்கள். உருகிவிட்டால் உங்கள் ஓவன் முள் காட்டுவதைவிட அதிகம் காய்கிறது. உருகவில்லை என்றால், புதுச் சர்க்கரையை 195-இல் வைத்துப் பாருங்கள். அப்போதும் உருகாவிட்டால் ஓவன் குறைவாகக் காய்கிறது. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது மின்சாரம். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையக் குறையும்; கணக்கு வர்க்கத்தில் போகும். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் கம்பி, 190 வோல்ட்டில் சுமார் 1020 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! முள் அதே இடத்தில் இருக்கும், ஆனால் சூடேற நேரம் பிடிக்கும், கதவைத் திறந்து மூடினால் மீளவும் நேரம் பிடிக்கும். தெருவில் லோ வோல்டேஜ் இருக்கும் மாலையில் கேக் வேண்டாம், வோல்டேஜ் சீராக இருக்கும் வேளையில் செய்யுங்கள். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும்.

பழைய பேக்கரிகளின் விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அதைப் போறணை என்பார்கள். உள்ளே விறகை எரித்து, தணலை ஒதுக்கிய பிறகு, செங்கல் பிடித்து வைத்த சூட்டில்தான் ரொட்டி வேகும். கதவைத் திறந்தாலும் செங்கல் ஆறாது. நம் ஓவனோ மெல்லிய தகரம். கதவைத் திறந்தால் இருந்த சூடு வெளியே போய்விடும். அதனால்தான், ஓவன் சூடேறியதும் அதன் விளக்கு அணைந்த உடனே மாவை வைக்காமல் இன்னும் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்கிறோம். சிறிய இரும்புத் தோசைக்கல் ஒன்றைக் கீழ்த்தட்டில், சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டு, முதலிலேயே வைத்துக் காயவிட்டால் அது செங்கல்லின் வேலையைச் செய்யும். இதற்குக் கூடுதல் நேரம் ஆகும், ஆனாலும் பலன் உண்டு. வேகும் நேரத்தின் முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கதவைத் தொடாதீர்கள்; கட்டுப்படாத கேக் அமுங்கிவிடும். கறுப்பு டின் சூட்டை அதிகம் இழுக்கும், ஓரம் காய்ந்துவிடும். வெளிர் நிற அலுமினிய டின்னே நல்லது.

வெயில் நாட்டுக்கென்று ஒரு சொல். ‘அறை வெப்பத்தில் வெண்ணெய்’ என்று எழுதும் குறிப்புகள் 20 டிகிரி வீட்டை மனதில் வைத்தவை. சித்திரையில் நம் சமையலறையில் வெண்ணெய் எண்ணெயாகிவிடும், அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, விரல் அழுத்தினால் லேசாகப் பதியும்போதே அடிக்கத் தொடங்குங்கள்.

அடுத்த கேக்குக்கு மாவு சலிக்கும் முன், ஒருமுறை சர்க்கரையை வைத்துச் சோதியுங்கள். ஓவன் கூடக் காய்கிறதா, குறைவாகக் காய்கிறதா என்பதைத் தாளில் எழுதி ஓவன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.