ஓட்டுப் போட்டவர்களை யாரும் வரையவில்லை

2025 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை விகடன் இணையதளம் திறக்கவில்லை. மறுநாள் காலை சின்னமனூரில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். கைகால்களில் விலங்கோடு பிரதமர் மோடி அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக விகடன் ப்ளஸ் ஒரு கார்ட்டூன் வெளியிட்டிருந்தது. அமெரிக்கா நம்மவர்களைக் கைவிலங்கு, கால்விலங்கோடு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கிவிட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. படத்தில் இருந்த விலங்கு அந்த விமானத்திலிருந்து வந்த விலங்கு.

கடையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டார்: "தம்பி, ஒரு நாட்டோட பிரதமரை இப்படி வரைஞ்சா, அவருக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரையும் வரைஞ்ச மாதிரிதானே? அவமானம் அவருக்கா, ஜனங்களுக்கா?"

அவர் எந்தக் கட்சிக்காரரும் இல்லை. நல்ல மனிதர். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கார்ட்டூன் வழக்கு வரும்போதெல்லாம் முன்னால் நிற்கும் வாதம் இதுதான். தலைவரைக் கேலி செய்வது மக்களைக் கேலி செய்வது, ஆகவே தண்டனை மக்களின் பெயரால் தரப்படுகிறது என்கிறார்கள். இதை மறுக்கத் தேனி மாவட்டத்துக்காரனுக்கு ஒரு தனி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பத்திரிகை மேல் அதிகாரம் பாய்ந்த பெரிய சம்பவங்களில் மூன்றின்போது, ஆட்சியின் உச்சியிலோ அதற்கு அடுத்த படியிலோ இருந்தவர் எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ.

1987 மார்ச் கடைசியில் வந்த ஆனந்த விகடன் இதழின் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் ஒருவரை ஜேப்படிக்காரருக்கும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிட்டு அடையாளம் சொல்வார். அவ்வளவுதான். சட்டமன்றத்தின் உரிமை மீறப்பட்டது என்று சொல்லி ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தார் சபாநாயகர் பி.எச். பாண்டியன். ஏப்ரல் 4ஆம் தேதி கைது. நாடே எதிர்த்த பிறகு மூன்றாம் நாள் விடுதலை. அதோடு பாலசுப்ரமணியன் விடவில்லை. உயர் நீதிமன்றம் போய், பல ஆண்டு வழக்காடி, தன்னைச் சிறைவைத்தது தவறு என்று தீர்ப்புப் பெற்றார். இழப்பீடு 1,000 ரூபாய்.

அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர்., ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. தேனி அப்போது மதுரை மாவட்டத்திலிருந்து பிரியவில்லை. 1984 டிசம்பர் தேர்தலில் அவர் அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். வேட்பாளர் தொகுதிக்கு வரவே இல்லை. முகத்தைப் பார்க்காமலேயே ஆண்டிபட்டி அவரை ஜெயிக்க வைத்தது. கடல் தாண்டிப் படுத்திருந்தவருக்கு ஓட்டுப் போட்ட அந்த அன்பை ஓர் அட்டைப்பட ஜோக் என்ன செய்துவிடும்? எங்கள் மானம் போய்விட்டது என்று ஆண்டிபட்டியிலிருந்து யாரும் சபாநாயகருக்கு எழுதி அந்த நடவடிக்கை தொடங்கவில்லை. கோபப்பட்டது சபை. சபைக்குள் இருந்தவர்கள் தங்கள் கோபத்துக்கு எங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஜோக்கில் எந்த மந்திரியின் பெயரும் இல்லை, எந்த எம்.எல்.ஏ.வின் பெயரும் இல்லை. ஆதாரம் இல்லாமல் மிகைப்படுத்துகிறார்கள் என்று கார்ட்டூன்காரர்கள் மேல் எப்போதும் ஒரு புகார் உண்டு. மிகைதானே அந்தக் கலையின் இலக்கணம். மூக்கு நீளமாக வரையப்பட்டால் மூக்கின் அளவைச் சொல்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பெயரே சொல்லாத ஒரு கேலியைத் தங்களைப் பற்றியது என்று முடிவு செய்தவர்கள்தான் அதற்கு முகம் கொடுத்தார்கள்.

இரண்டாவது சம்பவம் 2003 நவம்பரில். அது கார்ட்டூன் விவகாரம் இல்லை, எழுத்து விவகாரம். இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அப்போதும் முதல்வரின் தொகுதி ஆண்டிபட்டிதான். ஜெயலலிதா 2002 இடைத்தேர்தலில் அங்கே வென்றிருந்தார்.

அவமதிப்புக் கணக்கைச் சரிபார்க்க எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. ஓ. பன்னீர்செல்வத்தைப் போல் கார்ட்டூன்களில் குனிய வைக்கப்பட்ட தலைவர் சமீப காலத் தமிழகத்தில் வேறு யார்? முதுகு வளைந்த உருவம் என்றாலே அவர்தான் என்று படிப்பவர்களுக்குப் பழகும் அளவுக்கு வரைந்து தள்ளினார்கள். போடிநாயக்கனூர் 2011இல் அவரை அனுப்பியது, 2016இல் அனுப்பியது, 2021லும் அனுப்பியது. கார்ட்டூனைப் பார்த்துச் சிரித்தவரும் ஓட்டுப் போட்டவரும் பல வீடுகளில் ஒருவரே. இங்கே மக்கள் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவரை வரைந்தால் தலைவரைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

தலைவர்களைக் கேலியாக வரைவது நம் பண்பாடு இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்பது அடுத்த வாதம். பத்திரிகையும் வெள்ளைக்காரன் வழியாகத்தான் வந்தது. அதில் கருத்துப்படத்தை வெள்ளைக்காரனுக்கு எதிராகவே திருப்பியவர் பாரதி. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் கருத்துப்படம் போட்டார். ஆட்சியையும் விடவில்லை, காங்கிரஸ் மிதவாதிகளையும் விடவில்லை. 1908இல் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போக, பத்திரிகை புதுச்சேரிக்குப் போனது. படம் போடுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தவும் பாரதி ஆசைப்பட்டார்.

பாரதி வரை போவானேன். எங்கள் ஊர்த் திருவிழாக்களில் இரவு வள்ளி திருமணம் நாடகம் என்றால் பத்து மணிக்கே பாயோடு வந்து இடம் பிடிப்பார்கள். வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்னால் பபூன் வருவார். அந்த ஊரில் தண்ணீர் எந்தத் தெருவோடு நிற்கிறது, ரோடு போட்ட பணம் எங்கே போனது, தலைவர் வீட்டுக்கு மட்டும் எப்படி விளக்கு எரிகிறது என்று மாலையிலேயே விசாரித்து வைத்திருப்பார். மேடையில் அத்தனையும் கொட்டுவார். முன்வரிசை நாற்காலியில் ஊராட்சித் தலைவர் உட்கார்ந்திருப்பார். எழுந்து போனால் ஊர் இன்னும் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பார். பபூனை யாரும் போலீஸில் பிடித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நம் பண்பாடு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களை அந்தப் பாயில் ஓர் இரவு உட்கார வைக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் எல்லை உண்டே என்பார்கள். உண்டு. ஆஸ்திரேலியாவில் பில் லீக் என்ற கார்ட்டூனிஸ்ட் 2015 டிசம்பரில், கொடுத்த சோலார் பலகையை உடைத்துத் தின்னப் பார்க்கும் ஏழைகளாக இந்தியர்களை வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சுருளியாற்றில் மின்சாரம் எடுக்கிற பள்ளத்தாக்கு எங்களுடையது, மின்சாரம் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? அடுத்த ஆண்டு அதே மனிதர், பெற்ற மகனின் பெயரே தெரியாத தகப்பனாக ஒரு பழங்குடியினத்தவரை வரைந்தார். நாடு கொந்தளித்தது, இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் போனது. ஆனால் யாரும் அவரை வீட்டிலிருந்து தூக்கிப் போகவில்லை. பழங்குடித் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளோடு எடுத்த படங்களை ஆயிரக்கணக்கில் வெளியிட்டார்கள். அதைவிடப் பலமான பதில் எனக்குத் தெரியாது. கார்ட்டூன் எல்லாமே நல்லது என்று நான் வாதாடவில்லை. எளியவனை மிதிக்கிற படம் கேவலமான படம்தான். நம் ஊரில் கைதுக்கும் முடக்கத்துக்கும் உள்ளான படங்கள் மேலே இருப்பவர்களைப் பார்த்து வரையப்பட்டவை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

விகடன் தளம் முடக்கப்பட்ட வழக்கில் 2025 மார்ச் 6ஆம் தேதி, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு படத்துக்காக மொத்தப் பத்திரிகைக்கும் பூட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டுக்கு எந்த வாக்காளர் சாவி கேட்டார்?

மிச்சம் இருப்பது நாகரிகம் என்கிற வாதம். வாத்தியாரும் கடைசியில் அதற்குத்தான் வந்தார். "நிர்வாணமா வரையறதெல்லாம் என்ன நாகரிகம் தம்பி?" அவர் சொன்னது கார்ட்டூனிஸ்ட் பாலாவின் படம்.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. மனுநாள். நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நாலு பேரும் பிழைக்கவில்லை. பல முறை மனு கொடுத்திருந்த குடும்பம் அது. பாலா வரைந்தார்: எரிந்து கிடக்கும் ஒரு குழந்தை, சுற்றிலும் ஆடையில்லாமல், பணக்கட்டால் மானத்தை மறைத்தபடி முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர். நவம்பர் 5ஆம் தேதி நெல்லை போலீஸ் சென்னைக்கு வந்து அவரைக் கூட்டிப் போனது. மறுநாள் ஜாமீன். 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. மூன்றாவது சம்பவம் இதுதான்: பாலா கைதானபோது துணை முதல்வர் எங்கள் போடி எம்.எல்.ஏ. பன்னீர்செல்வம்.

கந்துவட்டி என்னவென்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வாங்கியவர்கள், மகள் கல்யாணத்துக்கு வாங்கியவர்கள், வீட்டுப் பத்திரத்தை இன்னும் திருப்பாதவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அதைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் ஒரு குடும்பம் எரிந்தது என்பதுதான் செய்தி. அந்தச் செய்தியைச் சொல்ல நாகரிகமான படம் எப்படி வரைவது?

வாத்தியார் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான் என்றார். என் போனில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கிட்டக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். டீ ஆறிப்போனது. திருப்பிக் கொடுக்கும்போது நிர்வாணத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

"எத்தனை தடவை மனு கொடுத்தாங்கன்னு சொன்ன?" என்று கேட்டார்.