ஃபிலிமா டிஜிட்டலா? சண்டை போட வேண்டிய இடம் வேறு!

2006 ஜனவரியில் கொனிகா மினோல்டா கம்பெனி கேமரா, ஃபிலிம் இரண்டு வியாபாரத்தையும் விட்டு வெளியேறப் போவதாக அறிவித்தது. அதே மாதம் நிக்கான் தன் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தப் போவதாகச் சொன்னது. 2012-ல் கோடக் திவால் மனு கொடுத்தது. அத்தோடு "ஃபிலிமா, டிஜிட்டலா" என்ற சண்டை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை! அப்பாவின் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த யாஷிகா எம்.எஃப்-2 இன்று கல்லூரி மாணவர்களின் கழுத்தில் தொங்குகிறது. "டிஜிட்டல்ல உயிரே இல்ல மச்சி" என்று வகுப்புக்கு ஒருவராவது சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதைக் கேட்டு, இப்போதுதான் புகைப்படம் கற்க ஆரம்பித்திருக்கிற பையனும் பெண்ணும் இருக்கிற கொஞ்சம் காசையும் ரோலில் போடுகிறார்கள்.

பொழுதுபோக்காகப் புகைப்படம் கற்க நினைப்பவருக்கு டிஜிட்டல்தான் சரி. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஃபிலிம் பக்தர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாலே இது விளங்கும்.

1. காசுக் கணக்கு

"பழைய ஃபிலிம் கேமரா மூவாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது, டிஜிட்டல் கேமரா விலை எங்கே?" என்பது முதல் வாதம். கேமரா மலிவுதான். ரோல்? இன்று ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக விற்கிறது. சின்ன ஊர்களில் கலர் லேப்கள் பெரும்பாலும் ஃபிலிம் கழுவுவதை நிறுத்திவிட்டதால் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்ப வேண்டும். கழுவி, ஸ்கேன் செய்து வாங்க இன்னும் ஐநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 36 படத்துக்கு 1500 ரூபாய். ஒரு கிளிக்குக்கு 40 ரூபாய்க்கு மேல்! மாதம் ஒரு ரோல் என்றால் வருடத்துக்கு 18,000 ரூபாய், கையில் மிஞ்சுவது 432 படம். அந்தப் பணத்தில் லென்ஸோடு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கி, வருடக்கணக்கில் செலவே இல்லாமல் சுடலாம்.

ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே ஃபிலிம் தயாரானது. 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. 1990களில் அது நலிந்து, பின்னர் மூடப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் ரோல் வெளிநாட்டுச் சரக்கு. டாலர் ஏறினால் ரோலும் ஏறும்.

"வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாமே" என்பார்கள். கருப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவும் திரவம் வழக்கமாக 20 டிகிரியில் இருக்க வேண்டும். விழுப்புரம் பக்கம் மே மாதம் குழாயைத் திறந்தால் வருவது 30 டிகிரிக்கு மேல். ஐஸ் கட்டி வாங்கிப் போட்டுத்தான் கழுவ வேண்டும் :-)

2. வெயிலும் இருட்டும்

இங்கே படம் எடுப்பவருக்கு என்ன வெளிச்சம் கிடைக்கிறது என்று யோசித்தால் அடுத்த வாதம் தானாக விழும். உதாரணத்துக்கு திருவாமாத்தூரை எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரத்தில் இருந்து சில கிலோமீட்டரில் பம்பை ஆற்றங்கரை ஊர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். அபிராமேசுவரர் கோயில் கிழக்குப் பார்த்தது, முத்தாம்பிகை கோயில் எதிரே மேற்குப் பார்த்தது. ஆக, சுவாமி கோயில் முகப்பை எடுக்கக் காலை வெயில், அம்மன் கோயில் முகப்பை எடுக்க மாலை வெயில்.

உச்சி வெயிலில் கலர் நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒரு உண்மையான பலம் உண்டு. வெளிச்சம் இரண்டு ஸ்டாப் கூடிப்போனாலும் தாங்கும். டிஜிட்டலில் வெள்ளைச் சுவர் ஒரேயடியாக வெளுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து, ரா ஃபைலாக எடுத்தால் போதும்.

இப்போது அதே ஆள் இந்தப் பக்கத்துக் கோயில் எதிலாவது, அனுமதி வாங்கிக்கொண்டு, ஓர் இருட்டு மண்டபத்துக்குள் போகிறார். 400 ஐ.எஸ்.ஓ. ரோல், லென்ஸ் எஃப் 2.8. அந்த இருட்டில் ஷட்டர் 1/8 நொடி கேட்கும், கை நடுங்கி தூணெல்லாம் ஆடிப்போகும். உள்ளே போட்ட ரோலை நடுவில் மாற்றவும் முடியாது. டிஜிட்டலில் ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்கினால் அதே இடத்தில் 1/60 நொடி கிடைக்கும், படம் தப்பித்தது. கற்றுக்கொள்பவருக்கு எது உதவி?

3. "ஃபிலிம் பொறுமையைக் கற்றுத் தரும்"

இதுதான் மிகவும் பிரபலமான வாதம். மிகவும் தப்பான வாதமும் இதுதான்.

36 படம்தான் என்றால் யோசித்து எடுப்பார்கள் என்பது சரி. ஆனால் கற்பதற்குத் தேவை தப்பு உடனே தெரிவது. ஃபிலிமில் இன்று செய்த தப்பு இரண்டு வாரம் கழித்துக் கூரியரில் வரும். அப்போது அப்பர்ச்சர் என்ன வைத்தோம், ஷட்டர் என்ன வைத்தோம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. டிஜிட்டலில் அத்தனையும் படத்துக்குள்ளேயே பதிவாகிறது. தப்பு, காரணம், திருத்தம் மூன்றும் ஐந்து நிமிடத்தில் முடியும்.

பொறுமை வேண்டுமா? இன்று 36 படம்தான் எடுப்பேன் என்று முடிவு செய்துகொண்டு போகலாமே, யார் தடுத்தார்கள்? காசு போகுமே என்ற பயத்தில் வருவது கஞ்சத்தனம். எதிரில் இருப்பதைப் பார்ப்பதால் வருவதுதான் கவனம். ஃபிலிமிலேயே பல பத்தாண்டு உழைத்த ரகு ராய் 2003-ல் டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுத்தபின் ஃபிலிமுக்குத் திரும்பவில்லை. அவருக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

4. "ஃபிலிமில் உயிர் இருக்கிறது"

ரோலை லேப்பில் கொடுத்தால் திரும்பி வருவது என்ன? ஸ்கேன் செய்த ஜேபெக் ஃபைல்! அதைத்தான் போனில் பார்த்து, இன்ஸ்டாகிராமில் போட்டு, "ஃபிலிம்னா ஃபிலிம்தான்" என்கிறார்கள். கடைசியில் எல்லோரும் பார்ப்பது டிஜிட்டல் படம்தான். இருட்டறையில் தன் கையால் பிரிண்ட் போடுபவர்களை இதில் சேர்க்கக் கூடாது. அது தனிக் கலை, அவர்களுக்கு வணக்கம். ஸ்கேனை வாங்கிக்கொண்டு உயிர் பற்றிப் பேசுபவர்களைத்தான் நம்ப முடியவில்லை.

5. டிஜிட்டல்காரர்கள் தோற்கிற இடம்

இத்தனையும் படித்துவிட்டு டிஜிட்டல்காரர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். அவர்கள் கேவலமாகத் தோற்கிற இடம் ஒன்று உண்டு.

1985-ல் நடந்த கல்யாணத்தின் ஆல்பம் வீட்டில் இருக்கிறது. 2009-ல் நடந்த காதுகுத்துப் படங்கள் எங்கே? பழைய போனில் இருந்தது, போன் போய்விட்டது. சீடியில் இருந்தது, சீடி படிக்கவில்லை. ஒரு தேர்த் திருவிழாவில் 800 படம் எடுத்து, அதில் நாலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மீதியை மறந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் போன படம் சுருங்கிவிடும், அதில் இருந்த தேதி முதலான விவரங்களும் உதிர்ந்துவிடும்.

படத்தைப் பாதுகாத்தால் என்ன ஆகும் என்பதற்கு விழுப்புரத்தில் இருந்து 40 கிலோமீட்டர் தள்ளியே சாட்சி இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து வைத்தது. சேர்ந்தவை ஒன்றரை லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் கருப்பு வெள்ளை நெகட்டிவ்கள். எடுத்தபோது அவை வெறும் ஆய்வுப் படங்கள்.

பல வருடம் கழித்து ஸ்ரீபுரந்தான் நடராசர் சிலை திருடுபோய் ஆஸ்திரேலியாவில் தலைகாட்டியது. அந்நாட்டுத் தேசிய கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியிருந்தது. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை சிட்னியில் இன்னொரு கலைக்கூடத்தில் இருந்தது. இவை நம் கோயில்களில் இருந்தவைதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரியில் இருந்த அந்தப் பழைய படங்கள். 2014 செப்டம்பரில் இரண்டு சிலைகளும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

"பார்த்தீர்களா, ஃபிலிம் ஜெயித்தது!" என்று பக்தர்கள் துள்ளுவார்கள். இல்லை. எத்தனையோ ஸ்டூடியோக்கள் மூடியபோது மூட்டை மூட்டையாக நெகட்டிவ் குப்பைக்குப் போனது. அதுவும் ஃபிலிம்தான். புதுச்சேரிப் படங்கள் சாட்சி சொன்னது, எந்த ஊர், எந்தக் கோயில், என்ன சிலை, எப்போது எடுத்தது என்று யாரோ பொறுமையாக எழுதி, பூஞ்சை பிடிக்காமல் அடுக்கி வைத்ததால்.

6. ஆகவே...

டிஜிட்டலை வாங்கட்டும், ஆனால் அந்தப் பழைய பழக்கத்தோடு வாங்கட்டும். முதல் வேலையாகக் கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரியாக வைக்க வேண்டும். வீடு வந்த அன்றே குப்பைப் படங்களை அழித்துவிட்டு, மிச்சத்தை "2025-03-திருவாமாத்தூர்" என்பது போலத் தேதியும் ஊரும் போட்ட ஃபோல்டரில் போட வேண்டும். படத்தில் உள்ளவர் யார், சிலை எந்தச் சுவரில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். வருடத்துக்கு 36 படம், ஆமாம் ஒரு ரோல் அளவு, பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரே ஒரு ஃபிலிம் ரோலின் விலைகூட வராது.

கூலிங் கிளாஸோடு ஃபிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு போஸ் கொடுப்பது சுலபம். திருவாமாத்தூரில் 2025-ல் ஒரு தூண் எப்படி இருந்தது என்று 2055-ல் யாராவது கேட்டால், எடுத்த படத்தைத் தேடிக் கொடுப்பதுதான் கஷ்டம். சண்டை போடுவதென்றால் அதைப் பற்றிப் போடட்டும்.