பழுதில்லாப் படமா? பொய்யில்லாப் படமா?

பழம்பொருள் சேகரிப்போர் முதலில் பார்ப்பது, மூலை மடங்காமல் இருக்கிறதா என்பதையே. 1952-இல் அமெரிக்காவில் வெளிவந்த மிக்கி மாண்டில் என்னும் பேஸ்பால் வீரரின் படஅட்டை ஒன்று, சற்றும் தேயாமல் இருந்ததால் 2022-இல் 126 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

நமக்கு அதுபோன்றவை சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து தொடங்கிய தொழிலின் நினைவுகள் அவை. பள்ளிப்பட்டில் எந்த வீட்டு அடுப்பங்கரைப் பரணிலும் தேடலாம்.

தோழியரே, படம் புதிதாகத் தோன்ற ஓரத்தைக் கத்தரிக்கலாமா? கூடாது என்பதே எங்கள் கருத்து. விலையுயர்ந்த வாக்னர் அட்டையின் ஓரத்தைச் சீவியதை, அதை விற்ற ஏலக்காரரே 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சீவியது காகிதத்தை மட்டுமா? நம்பிக்கையையும் அல்லவா!

மேலும், அந்நாளில் தீப்பெட்டிப் படங்களை ஒட்டியவர்களுள் பள்ளி செல்லாத, நம் வயதுச் சிறுமியர் பலர். பசைக் கறை அவர்களது உழைப்பின் சுவடு. அதை அழிக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே, படத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவமாய் உரிப்போம். மை ஒற்றும் தாளிடையே உலர்த்துவோம். குறையிருந்தால் குறையென்றே எழுதிவைப்போம். அழகினும் உண்மை பெரிதன்றோ!